கொள்முதல் நிலையத்தில் நெல் நனையும் படத்தை நிருபருக்கு அனுப்பியும் செய்தி வரவில்லையே, ஏன்?

நீங்கள் அனுப்பியது அநேகமாக ஒரு படமும், "நெல் நனையுது சார், பேப்பர்ல போடுங்க" என்ற ஒரு வரியுமாக இருக்கும். அதை வைத்து நிருபர் ஒன்றும் எழுத முடியாது. நனைவது யாருடைய நெல் என்பதே அதில் தெரியாதே.

முதலில் அதைச் சொல்லுங்கள். எடை போட்டு, பட்டியல் எழுத்தர் பதிந்து, லாரி வராமல் அட்டியில் (அடுக்கில்) கிடக்கும் மூட்டை என்றால் அது நிலையத்தை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நெல். மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்புவது ஏன் நின்றது, படுதா ஏன் போதவில்லை என்று கழகத்தின் மண்டல மேலாளரிடம்தான் கேட்க வேண்டும். களத்தில் முறைக்குக் காத்திருக்கும் குவியல் என்றால் நஷ்டம் முழுக்க விவசாயி தலையில். அங்கே கேள்வியே வேறு: சாக்கு இல்லையா, சணல் இல்லையா, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று தள்ளிவிட்டார்களா? ஈரப்பதம் என்றால் மீட்டர் காட்டிய எண்ணை எழுதுங்கள். வரம்பைத் தளர்த்துவது மத்திய அரசின் கையில் இருக்கிறது. எண் தெரியாமல் உள்ளூர் அதிகாரியைச் சாடினால் அவர் ஒரே வரியில் மறுத்துவிடுவார், செய்தி செத்துவிடும்.

ஊர், வட்டம், நிலையம் இருக்கும் இடம், எத்தனை மூட்டை, எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் முதல் இரண்டு வரியில் வரட்டும். நிலையத்தில் எடை போட்ட 40 கிலோ சிப்பமா, விவசாயி கொண்டுவந்த வீட்டுச் சாக்கா என்பதும் முக்கியம். கண்ணால் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் கலக்காதீர்கள்.

படம் மூன்று போதும்: நிலையத்தின் பெயர்ப் பலகை தெரிய ஒன்று, களம் முழுவதும் ஒன்று, முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக் கிட்டத்தில் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தெளிவும் குறையும், படக் கோப்பில் பதிந்திருக்கும் நேரமும் இடமும் அழிந்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஒவ்வொரு மழைக்கும் பழைய படங்கள் சுற்றுவதால், குழுவில் வந்ததை ஃபார்வர்ட் செய்தால் யாரும் நம்பமாட்டார்கள். மதியத்துக்குள் அனுப்புவது நல்லது. அதிகாரி அலுவலகத்தில் இருக்கும்போதே நிருபர் பதில் வாங்க வேண்டும்.

மூட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன் கேட்கிறார்கள் என்றால் நிதானம் வேண்டும். யார், என்றைக்கு, எவ்வளவு கேட்டார் என்று பெயர் கொடுத்துச் சொல்ல இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும். ஆதாரமில்லாமல் நீங்களே பெயர் போட்டுப் பரப்பினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். பயந்து ஒதுங்கச் சொல்கிறேன் என்று யாராவது சண்டைக்கு வரலாம். அடுத்த போகமும் அதே களத்தில்தான் நெல்லைக் கொட்ட வேண்டும் என்பது தெரிந்தே சொல்கிறேன். பெயர் அச்சில் வரக்கூடாது என்றால் அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்; நிருபருக்கு மட்டும் உண்மைப் பெயரைக் கொடுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்கு மாவட்டத்துக்கும் "விவசாயிகள் வேதனை" என்று ஒரே தலைப்பைப் போட்டு, எந்த ஊர், யார் பொறுப்பு என்று இல்லாமல் முடிக்கும் செய்திகளால் ஒரு மூட்டைகூட நகர்ந்ததில்லை. எழுதுகிறவர்கள்மேல் முழுப் பழியும் போடவில்லை. பகுதிநேர நிருபர் பலருக்குக் கிடைப்பது பெட்ரோலுக்கே காணாது.

ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்திருந்தால் அதன் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். எத்தனை மூட்டை வாங்கினார்கள், எத்தனை ஏற்றினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். நனைந்த நெல்லுக்கு அது உதவாது, அடுத்த பருவத்துச் செய்திக்கு உதவும். செய்தி வந்த மறுநாள் லாரி வந்தால் அதையும் படமெடுத்து அதே நிருபருக்கு அனுப்புங்கள். எண்ணிக்கை தப்பாக வந்திருந்தால் அன்றே கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.