மறு: டூம்ஸ்டேக்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

வணக்கம் அக்கா. மார்வெல் படங்களை 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உடன் நிறுத்திவிட்டதாகவும், அடுத்த அவெஞ்சர்ஸ் படமான டூம்ஸ்டேக்கு டிசம்பரில் மகன் உங்களை ஆஸ்பத்திரி வீதித் திரையரங்குக்கு அழைத்துப்போக நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இடையில் வந்த எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. 'லோக்கி' தொடரின் இரண்டு பருவங்களும் கட்டாயம். பல பிரபஞ்சங்கள் என்ற சங்கதி அங்கேதான் ஒழுங்காக விளங்கும். பிறகு 2025இல் வந்த தண்டர்போல்ட்ஸும் ஃபண்டாஸ்டிக் ஃபோரும். பெயர்ப்பட்டியல் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள், டூம்ஸ்டேக்கான வாசல் அங்கேதான் திறக்கிறது.

அயன் மேனாக நடித்த ரொபேர்ட் டௌனி ஜூனியர்தான் இப்போது வில்லன் டொக்டர் டூம். ஆள் வேறு, முகம் ஒன்று.

'இத்துடன் மார்வெல் கதை முடிந்துவிடுமா?' என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். 2015ஆம் ஆண்டுச் சித்திரக்கதையான 'சீக்ரெட் வோர்ஸ்'இல், அழிந்த உலகங்களின் மிச்சங்களை ஒட்டி ஒரே உலகமாக்கி, அதற்குத் தானே கடவுளாகிறான் டூம். 2027 டிசம்பருக்கு அறிவித்திருக்கும் அடுத்த படத்துக்கும் அதே பெயர். ஆகவே டூம்ஸ்டே நாயகர்களின் தோல்வியில்தான் முடியும் என்பது என் ஊகம். பட்ரிக் ஸ்டூவர்ட், இயன் மக்கெலன் போன்ற பழைய எக்ஸ்-மென் (மார்வெலின் இன்னொரு நாயகர் கூட்டம்) பட நடிகர்கள் வருவதை நான் ஒரு பிரியாவிடையாகவே பார்க்கிறேன். அதன்பின் புதிய உலகம், இளைய எக்ஸ்-மென். அப்படி நடந்தால் மனதார மகிழ்வேன்.

மகன் சின்னப் பிள்ளை என்றால் பெரியவர்களுக்கான டெட்பூல் படங்களை மட்டும் அவனோடு பார்க்காதீர்கள்.