ஆப்பில் சாம்பாரை எப்படிப் பதிவது? கலோரி கணக்கு: கேள்வி-பதில்

இந்த முறை வந்தவை பெரும்பாலும் கலோரி ஆப் பற்றிய கேள்விகளே. ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: ஆப்பில் ‘சாதம்’ என்று தேடினால் 130, 205, 350, 680 என்று கலோரி ஆளுக்கொன்றாக வருகிறது. எதை எடுப்பது? (வாசகி, தஞ்சாவூர்)

ப: நான்குமே சரிதான், அதுதான் வேடிக்கை. வெந்த சாதம் 100 கிராமுக்குச் சுமார் 130. அதே சாதத்தை 240 மி.லி. கொள்ளும் அமெரிக்கக் கப்பால் அளந்தால் 205 வாக்கில் வரும். வேகாத அரிசி 100 கிராமுக்கு 350, ஒரு கப் அரிசிக்கு 680. அரிசி வேகும்போது தண்ணீரைக் குடித்து ஏறத்தாழ மூன்று மடங்கு எடைக்கு வந்துவிடுகிறது. தட்டில் 250 கிராம் சாதம் போட்டுக்கொண்டு, ஆப்பில் வேகாத அரிசியைத் தட்டிவிட்டால் 325 இருக்க வேண்டிய இடத்தில் 875 காட்டும். அன்று ராத்திரி பட்டினிதான்!

‘வெந்தது’ என்று குறிப்பு உள்ள பதிவை மட்டும் எடுங்கள். கப்பை மறந்துவிட்டு கிராமில் போடுங்கள். பல ஆப்களில் பயனர்களே உணவுகளைச் சேர்க்க முடியும் என்பதால் கண்டதும் கலந்திருக்கும். சந்தேகம் வந்தால் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அதில் 528 உணவுப் பொருள்கள் உண்டு. ஆனால் அரிசி, பருப்பு, காய் என்று சமைக்காத பொருள்கள்தான் இருக்கும், குழம்பு வகைகளைத் தேடாதீர்கள்.

கே: ஐந்து பேருக்கு ஒரே குண்டானில் சாம்பார் வைக்கிறேன். நான் சாப்பிட்டதை மட்டும் எப்படிக் கணக்குப் போடுவது? (வாசகி, மதுரை)

ப: ஆப்பில் நம் சமையலை நாமே சேர்த்துவைக்கும் வசதி இருக்கும். ஒரு தடவை மெனக்கெட்டால் போதும். முதலில் காலிக் குண்டானை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போகும் பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பதியுங்கள். எண்ணெயை மட்டும் கரண்டிக் கணக்கில் நம்பாதீர்கள். தாளிப்பதற்கு முன்பு எண்ணெய்ப் பாட்டிலைத் தராசில் வையுங்கள், தாளித்த பிறகு இன்னொரு தடவை வையுங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமுக்கும் 9 கலோரி. “ரெண்டு ஸ்பூன்தான் ஊற்றினேன்” என்பவர்கள் வீட்டில் 30 கிராம் குறைந்திருப்பது சர்வ சாதாரணம்.

உதாரணத்துக்கு, துவரம் பருப்பு 150 கிராம் என்றால் சுமார் 500 கலோரி. நல்லெண்ணெய் 27 கிராமுக்கு 240. காய், புளி, பொடி எல்லாம் சேர்த்து ஒரு 110. ஆக 850. கொதித்து இறக்கியதும் குண்டானோடு நிறுத்து, காலி எடையைக் கழித்தால் 1,700 கிராம் சாம்பார் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு 50 கலோரி. உங்கள் வீட்டுக் குழிக்கரண்டியில் எத்தனை கிராம் பிடிக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், அப்புறம் கரண்டியை எண்ணினாலே போதும்.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரியவரும். 150 கிராம் பருப்பில் உள்ள புரதம் 33 கிராம்தான். அது 1,700 கிராமில் கரைந்திருக்கிறது. இரண்டு கரண்டி, அதாவது 250 கிராம் சாம்பார் ஊற்றிக்கொண்டால் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 5 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் பரிந்துரைக்கிறார்கள். “தினமும் சாம்பார் சாப்பிடுகிறோமே, புரதத்துக்கு என்ன குறைச்சல்” என்பவர்கள் ஒரு வாரம் ஆப்பில் புரதப் பகுதியை மட்டும் பார்க்கட்டும். என்னைக் கேட்டால், கலோரியைவிட இதைப் பார்க்கத்தான் ஆப் அதிகம் உதவும்.

கே: போட்டோ எடுத்தாலே கலோரி சொல்லும் ஆப் வந்திருக்கிறதே, நம்பலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: இட்லியை எண்ணுவதற்கு நம்பலாம். வத்தக்குழம்பில் எவ்வளவு எண்ணெய், காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பது கேமராவுக்குத் தெரியாது. போட்டோ எடுத்த கையோடு அளவை நீங்களே திருத்துங்கள்.

கே: காலையில் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன். வாட்ச் 400 கலோரி எரிந்ததாகச் சொல்கிறது. ஆப் அதைச் சேர்த்து, ‘இன்னும் 400 சாப்பிடலாம்’ என்கிறது. சாப்பிடலாமா? எடை 70 கிலோ. (வாசகர், சென்னை)

ப: வேண்டாம். உங்கள் எடைக்கு அந்த நடையில் கூடுதலாகச் செலவாவது 200-க்குள்தான் இருக்கும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இப்படிக் கையில் கட்டும் ஏழு வாட்ச், பட்டைகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. கலோரியில் எல்லாமே கோட்டைவிட்டன. இருப்பதில் நல்லதே சராசரியாக 27 சதவீதம் தவறியது.

உங்கள் கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கலாம். ஆப்பை முதலில் அமைத்தபோது ‘சுறுசுறுப்பானவர்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால், நடை ஏற்கெனவே அதில் சேர்ந்துவிட்டது. வாட்ச் மறுபடியும் சேர்க்கிறது. ‘உட்கார்ந்த வேலை’ என்று மாற்றுங்கள், இல்லையென்றால் வாட்ச் இணைப்பை எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்று.

கே: ஒரு வாரமாக அளவுக்குள்தான் சாப்பிடுகிறேன். எடை ஒரு கிலோ ஏறிவிட்டது! (வாசகி, சேலம்)

ப: தண்ணீராக இருக்கும். ஊறுகாய், அப்பளம் சாப்பிட்ட மறுநாளும், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களிலும் இப்படி ஏறும். வார சராசரியை எழுதி, நான்கு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் பதியாமல் விட்ட காபி, முறுக்கு, குழந்தை தட்டில் மிச்சம் வைத்த சாதம் இவற்றைத் தேட வேண்டும்.

கே: ஆப்புக்குப் பணம் கட்ட வேண்டுமா?

ப: தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு டிஜிட்டல் கிச்சன் தராசு வாங்குங்கள்.

கே: மகளுக்கு 16 வயது. ஆப் சொன்ன 1,200 கலோரிக்கு மேல் ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்கிறாள். தோசையைக்கூட எடை போடுகிறாள். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. (ஒரு தாய்)

ப: இது ஆப் பற்றிய கேள்வி அல்ல அம்மா. இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், மனநல மருத்துவரையும் சேர்த்துப் பாருங்கள். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நம் நாட்டுப் பரிந்துரை ஏறத்தாழ 2,500 கலோரி. பல ஆப்களில் 1,200 என்பது எடை குறைக்க விரும்பும் வயதுவந்த பெண்களுக்கான அடிமட்ட எல்லை. வளரும் பிள்ளைக்கு அதில் பாதிச் சாப்பாடுகூடக் கிடைக்காது. மாதவிடாய் நின்றிருக்கிறது என்றால் உடம்பு செலவைக் குறைக்கத் தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். வேறு காரணங்களும் உண்டு, பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். போனைப் பிடுங்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். கணக்கை நிறுத்தச் சொல்வது டாக்டர் வாயிலாக வரட்டும். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் “குண்டாயிட்டே, இளைச்சுட்டே” என்று பேசுவதை மட்டும் இன்றே தடுத்துவிடுங்கள்.

கே: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறார். ஆப்பைப் பார்த்து காலை டிபனை ஒரு இட்லியாகக் குறைத்தோம். 11 மணிக்கு வியர்த்து, கை நடுங்குகிறது. (வாசகர், திருநெல்வேலி)

ப: அது சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறி. மறுபடியும் அப்படி வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இந்த மாத்திரை, அப்பா எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு குறைந்தால் மாத்திரை அளவும் மாற வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. அதுவரை பழைய டிபனுக்கே திரும்பிவிடுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஆப்பில் பதிந்த ஒரு வாரச் சாப்பாட்டையும், அந்தந்த நேரத்துச் சர்க்கரை அளவையும் சேர்த்துக் காட்டுங்கள்.