இரண்டு வயதுக் குழந்தையின் இருமலுக்கு எந்தத் தேன் வாங்குவது?

முதலில் வயது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. இரண்டு வயதில் தரலாம்.

அக்மார்க் முத்திரை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள். இஞ்சி, துளசி, எசென்ஸ் சேர்த்தது வேண்டாம். தண்ணீரில் விடுவது, தீக்குச்சி உரசுவது போன்ற சோதனைகளை நம்பவே நம்பாதீர்கள். அரிசிப் பாகு கலப்படம் ஆய்வகத்தில்தான் தெரியும். அடியில் உறைந்திருந்தால் அது கலப்படத்தின் அடையாளம் அல்ல, தேனின் இயல்பு. நுரைத்துப் புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

தூங்கப் போகுமுன் அரை டீஸ்பூன் (2.5 மி.லி.) போதும். பிறகு பல் துலக்கிவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ விலா உள்ளிழுத்தாலோ தேன் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.