அபு கிரைப்: படத்தில் இருந்தவர்கள் மட்டும் ஏன் மாட்டினார்கள்?

கேள்வி: போரில் பிடிபட்ட கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் வெளியே வந்தால் அரசியல்வாதிகளும் ஊடகங்களும் இரண்டு மாதம் கொந்தளிக்கிறார்கள். அப்புறம் நாலு சிப்பாய்களைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆவதில்லையே, ஏன்?

பதில்:

கொந்தளிப்பு வருவது படத்துக்காக. நடந்த கொடுமைக்காக மட்டும் அது வருவதில்லை. அதனால் படத்தில் யார் முகம் தெரிகிறதோ அவரோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கொஞ்சம் கறாராகத் தோன்றலாம். ஆனால் அபு கிரைப் விவகாரத்தைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

பாக்தாத்துக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருந்த சிறை அது. சதாம் உசேன் காலத்திலேயே மக்கள் நடுங்கிய இடம். 2003-ல் ஈராக்கைப் பிடித்த அமெரிக்க ராணுவம் அதே கட்டடத்தைத் தன் சிறையாக வைத்துக்கொண்டது. அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அங்கே நடந்ததுதான் உலகம் பின்னால் பார்த்தது: கைதிகளை நிர்வாணமாக்கி ஒருவர் மேல் ஒருவராகக் குவித்தது, நாயை விட்டு மிரட்டியது, தலையை மூடிப் பெட்டி மேல் நிற்க வைத்துக் கையில் ஒயர் கட்டியது.

பலரும் கவனிக்காத ஒரு சங்கதி, இது 2004 ஏப்ரலில் திடீரென்று வெடித்த ரகசியம் அல்ல என்பது. 2003 நவம்பர் 1 அன்றே அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், விடுதலையான கைதிகளிடம் பேசி, முகாம்களில் நடக்கும் கொடுமைகளை விரிவாக எழுதியது. பெரிய பத்திரிகைகள் ஏறக்குறைய கண்டுகொள்ளவே இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் 2003 அக்டோபரில் அபு கிரைப்புக்குப் போய்ப் பார்த்து அங்கேயே ஆட்சேபம் தெரிவித்தது. 2004 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையில், பிடித்து வைத்திருப்பவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேர் தவறுதலாகக் கைதானவர்கள் என்று ராணுவ உளவு அதிகாரிகள் சிலரே தங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தது. அதற்கு முன் ஜனவரி 16 அன்று, கைதிகள் கொடுமைப்படுத்தப்பட்டதாக வந்த புகார் விசாரிக்கப்படுகிறது என்று ராணுவமே ஒரு குட்டிச் செய்திக்குறிப்பு வெளியிட்டது. மார்ச் 20 அன்று பாக்தாத் செய்தியாளர் கூட்டத்தில் ஆறு பேர் மீது குற்றச்சாட்டு பதிவாகியிருப்பதையும் சொன்னார்கள்.

ஆக விசாரணை, குற்றச்சாட்டு, நேரில் அனுபவித்தவர்களின் வாக்குமூலம் என்று எல்லாமே பொதுவெளியில் இருந்தது. படம் மட்டும் இல்லை. எனவே செய்தியும் இல்லை.

ஏப்ரல் 28 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சி படங்களை ஒளிபரப்பியது. அதுவும் உடனே இல்லை. அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் ஜெனரல் ரிச்சர்ட் மையர்ஸ் கேட்டுக்கொண்டதால் இரண்டு வாரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஃபலூஜாவில் சண்டை, பிணைக்கைதிகள் உயிருக்கு ஆபத்து என்பது அவர் சொன்ன காரணம். வேறு பத்திரிகையாளர்கள் முந்திக்கொள்ளப் போகிறார்கள் என்றான பிறகுதான் வெளியிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கர் இதழின் தளத்தில் சீமோர் ஹெர்ஷ் எழுதிய கட்டுரை வந்தது. மேஜர் ஜெனரல் அன்டோனியோ டகுபா ராணுவத்துக்குள் நடத்திய விசாரணையின் அறிக்கை அவர் கைக்குக் கிடைத்திருந்தது. மார்ச்சிலேயே தயாரான அறிக்கை அது. மே 2 அன்று தொலைக்காட்சியில் மையர்ஸிடம் கேட்டபோது, தான் இன்னும் அதைப் பார்க்கவில்லை என்றார். ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லி போன் போட நேரம் இருந்தது, அறிக்கையைப் படிக்கத்தான் இல்லை போலிருக்கிறது.

அரசியல் எதிர்வினை அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கியது. மே 5 அன்று ஜார்ஜ் புஷ் அரபுத் தொலைக்காட்சிகள் இரண்டுக்குப் பேட்டி கொடுத்தார். அருவருப்பான செயல் என்றார், மன்னிப்பு என்று சொல்லவில்லை. மறுநாள் ஜோர்டான் மன்னர் அப்துல்லா பக்கத்தில் நிற்க, தான் வருந்துவதாக மன்னரிடம் சொன்னேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அவமானப்பட்டவர்கள் ஈராக்கியர்கள், வருத்தம் போய்ச் சேர்ந்தது ஜோர்டான் மன்னருக்கு. பின்னாலே, மே 24 உரையில், இது ஒரு சில வீரர்களின் இழிசெயல் என்ற நிலைப்பாட்டை உறுதியாக்கினார். சிறையையே இடித்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வைத்தார்.

மே 7 அன்று பாதுகாப்புத் துறை அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் செனட் குழு முன்னால் உட்கார்ந்தார். தன் பொறுப்பில் நடந்தது, தானே பதில் சொல்ல வேண்டியவன் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். அதே வாக்குமூலத்தில் இன்னொன்றும் சொன்னார்: டிஜிட்டல் கேமராவோடு திரிகிறவர்கள் நம்பமுடியாத படங்களை எடுத்து, சட்டத்துக்கு மாறாக ஊடகங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், பென்டகனுக்கே அவை இன்னும் வந்து சேரவில்லை என்று. என்னைக் கேட்டால் அந்த நாள் விசாரணையிலேயே மனதார வந்த பேச்சு அதுதான். இரண்டு முறை ராஜினாமா கொடுத்ததாகவும் புஷ் ஏற்கவில்லை என்றும் பிற்பாடு சொன்னார். துணை அதிபர் டிக் செனி, இவரைப் போல ஒரு பாதுகாப்பு அமைச்சர் அமெரிக்காவுக்குக் கிடைத்ததில்லை என்று சான்றிதழே கொடுத்தார்.

பிறகு எதிர்க்கொந்தளிப்பு. ஓக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் மே 11 அன்று, கைதிகளுக்கு நடந்ததைவிட அதைப் பற்றிய கூச்சல்தான் தனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது என்று செனட் குழுவிலேயே சொன்னார். அந்தக் கொட்டடிகளில் இருப்பவர்கள் கொலைகாரர்கள், பயங்கரவாதிகள் என்றும் சேர்த்துக்கொண்டார். தவறுதலாகக் கைதானவர்கள் பற்றிய செஞ்சிலுவைச் சங்கக் கணக்கு அப்போது பத்திரிகையிலேயே வந்துவிட்டது. வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா இதைக் கல்லூரி ராகிங் ரகத்தில் சேர்த்து, பையன்கள் கொஞ்சம் இறுக்கத்தைத் தணித்துக்கொண்டார்கள் என்றார். இன்ஹோஃப் பேசிய அதே நாளில் நிக்கலஸ் பெர்க் என்ற அமெரிக்கரின் தலையை வெட்டும் வீடியோ வெளியானது. உடனே வலதுசாரி விமர்சகர்கள், அதைக் காட்டாமல் சிறைப் படங்களையே ஏன் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள் என்று ஊடகங்களைக் கேட்கத் தொடங்கினார்கள்.

இனி படத்தில் இல்லாதவர்கள் கதை. இதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில்.

2002 டிசம்பர் 2 அன்று, கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ சிறையின் கைதிகளை விசாரிக்க, உடையைக் களைவது, நாய் பயத்தைப் பயன்படுத்துவது, வலிக்கும் நிலைகளில் நிற்க வைப்பது போன்ற முறைகளுக்கு ரம்ஸ்ஃபெல்ட் கையெழுத்திட்டு ஒப்புதல் தந்தார். கீழே கையால் ஒரு குறிப்பும் எழுதினார்: நான் தினம் 8 முதல் 10 மணி நேரம் நிற்கிறேன், இவர்களை நிற்க வைப்பதற்கு மட்டும் ஏன் 4 மணி நேர வரம்பு? ராணுவ வழக்கறிஞர்களே எதிர்த்ததால் ஆறு வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றார். ஆனால் முறைகள் ஆப்கானிஸ்தான் வழியாக ஈராக்குக்கு நகர்ந்துவிட்டன. 2003 ஆகஸ்ட் இறுதியில் குவாண்டனாமோ தளபதி ஜெஃப்ரி மில்லரே ஈராக்குக்கு வந்து, விசாரணையை எப்படி நடத்துவது என்று ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார். அபு கிரைப்பில் எடுத்த படங்களில் நிர்வாணமும் நாய்களும் தற்செயலாக வரவில்லை.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. செனட்டின் ஆயுதப்படைக் குழு இரு கட்சியினரும் சேர்ந்து விசாரித்து, 2008 டிசம்பரில், அபு கிரைப் கொடுமை ஒரு சில சிப்பாய்கள் தாமாகச் செய்ததன் விளைவு மட்டும் அல்ல, மேலிருந்து போன அனுமதிகளுக்கு அதில் பங்கு உண்டு என்று முடிவு சொன்னது. குழுவில் மூத்த குடியரசுக் கட்சிக்காரர் ஜான் மெக்கெய்ன், வியட்நாமில் தானே கைதியாக இருந்து சித்திரவதைப்பட்டவர். அவர் 2005-ல் கொண்டுவந்த சித்திரவதைத் தடைத் திருத்தம் செனட்டில் 90-க்கு 9 என்று நிறைவேறியிருந்தது. புஷ் கையெழுத்திட்டார், கூடவே அதிபரின் அதிகாரத்துக்கு உட்பட்டே அதைப் பொருள்கொள்வேன் என்று ஓர் இணைப்பும் வைத்தார்.

கணக்கைப் பாருங்கள். பதினொரு சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டார்கள். சார்லஸ் கிரேனருக்குப் பத்து ஆண்டு. சிறைக்குப் பொறுப்பாக இருந்த பிரிகேடியர் ஜெனரல் ஜானிஸ் கார்பின்ஸ்கி கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார். உளவுப் பிரிவுக் கர்னல் ஒருவருக்கு 8,000 டாலர் அபராதமும் கண்டனமும். கடுமையான விசாரணைக்கு வழிவிட்ட சட்டக் குறிப்புகளை எழுதியவர்களோ? வெள்ளை மாளிகை வழக்கறிஞராக இருந்து, போர்க்கைதிகளைக் காக்கும் ஜெனீவா ஒப்பந்தத்தின் சில விதிகளைக் காலாவதியான விநோதம் போலக் குறிப்பெழுதிய ஆல்பர்டோ கன்சாலஸ் 2005-ல் அட்டர்னி ஜெனரல் ஆனார். உறுப்பு செயலிழக்கும் அளவு வலி இருந்தால்தான் சித்திரவதை என்று 2002-ல் கையெழுத்திட்ட ஜே பைபீ கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதி. கோப்புக்கு முகம் கிடையாது, அதை முதல் பக்கத்தில் போட்டாலும் படத்தைப் பார்த்தது போல யாரும் திடுக்கிட மாட்டார்கள். வாஷிங்டன் போஸ்ட் 2004 ஜூனில் அந்தக் குறிப்பை வெளியே கொண்டுவந்தபோது எதிர்ப்பு எழுந்து அரசு அதைக் கைவிட்டது, ஆனால் கையெழுத்திட்டவரின் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னும் கசப்பான ஓர் உதாரணம் உண்டு. மனதெல் அல் ஜமாதி என்ற கைதி 2003 நவம்பரில் அபு கிரைப்பில் சி.ஐ.ஏ. விசாரணையின்போது செத்துப்போனார். பிரேதப் பரிசோதனை அதைக் கொலை வகையில் சேர்த்தது. அந்தச் சடலத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்த சிப்பாய்கள் இருவரை உலகமே அறியும். இருவரும் வேறு குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனார்கள். அந்தச் சாவுக்காக மட்டும் யாரும் தண்டனை பெறவில்லை.

மற்ற நாடுகள் மேல் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் டெய்லி மிரர் 2004 மே 1 அன்று, ஈராக்கியக் கைதி மேல் பிரிட்டிஷ் வீரர் சிறுநீர் கழிக்கும் படங்களைப் போட்டது. படத்தில் இருந்த வண்டி ஈராக்குக்குப் போகவே இல்லை, படங்கள் போலி என்று தெரிந்து ஆசிரியர் பியர்ஸ் மார்கன் வேலையிழந்தார். அதோடு பேச்சு முழுக்கப் பத்திரிகை தர்மத்தின் பக்கம் போய்விட்டது. அதற்கு எட்டு மாதம் முன்னால் பாஸ்ராவில் பஹா மூசா என்ற 26 வயது ஹோட்டல் வரவேற்பாளர் பிரிட்டிஷ் காவலில் 93 காயங்களோடு செத்திருந்தார். நிஜமாகவே நடந்த அந்தச் சாவுக்கு ஒரே ஒருவர், மனிதாபிமானமற்ற நடத்தைக்காக, ஓராண்டு சிறை போனார். பொது விசாரணை அறிக்கை வர 2011 ஆயிற்று.

நமக்கு நெருக்கமானதையும் சொல்லாமல் போக முடியாது. கண்ணும் கையும் கட்டப்பட்ட, நிர்வாணமான ஆட்களைச் சீருடைக்காரர்கள் சுடும் வீடியோவை 2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பியது. இலங்கை அரசு அதைப் போலி என்றது, தன் பக்க நிபுணர்களையும் நிறுத்தியது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன் நியமித்த தடயவியல் வல்லுநர்கள் 2010 ஜனவரியில், அது உண்மையானது என்றே சான்றுகள் பலமாகக் காட்டுவதாகச் சொன்னார்கள். வாஷிங்டனில் படத்தை மறுக்க முடியவில்லை, அதனால் சில பேர் செய்தது என்றார்கள். போர்முனைக்குள் பத்திரிகையாளரையே விடாத கொழும்புக்கு, படத்தையே மறுப்பது சுலபமாக இருந்தது.

எல்லா இடத்திலும் பொதுவாக நடப்பது ஒன்று உண்டு: வெளியே கொண்டுவந்தவர் தலை உருளும். படங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த சிப்பாய் ஜோ டார்பிக்கு, பெயர் வராது என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். நேரலையில் ஓடிய விசாரணையில் ரம்ஸ்ஃபெல்ட் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். ஊர்க்காரர்கள் துரோகி என்றார்கள், அவர் வீடு திரும்பவே முடியவில்லை. டகுபா, ஓய்வு பெற்றுப் போகும்படி தனக்கு உத்தரவு வந்ததாக ஹெர்ஷிடம் சொன்னார். இஸ்ரேலில் ஸ்டே டெய்மான் முகாமில் பாலஸ்தீனக் கைதியைக் கொடுமைப்படுத்தியதாக 2024 ஜூலையில் வீரர்களைப் பிடித்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர்களே கும்பலோடு ராணுவ முகாமுக்குள் நுழைந்தார்கள். அது தொடர்பான வீடியோவை வெளியிட அனுமதித்ததாக ஒப்புக்கொண்ட ராணுவத் தலைமை வழக்கறிஞர் 2025 அக்டோபர் கடைசியில் ராஜினாமா செய்து, சில நாளில் கைதும் ஆனார். அந்த வாரம் முழுக்க அங்கே பெரிய செய்தி, வீடியோ கசிந்ததுதான்.

அமெரிக்கா வெளியிடாமல் வைத்திருந்த மீதிப் படங்கள்? 2009 மே மாதம் ஒபாமா அரசு, வெளியிடுவதாக ஒப்புக்கொண்டிருந்ததைத் திரும்பப் பெற்றது. வீரர்களுக்கு ஆபத்து என்றார்கள். 2016-ல் 198 படங்கள் மட்டும் வந்தன. சுமார் 2,000 இருப்பதாக, வழக்குப் போட்ட சிவில் உரிமை அமைப்பு சொல்கிறது. படம்தான் எல்லாவற்றையும் நகர்த்துகிறது என்பது நம்மைவிட அரசுகளுக்கு நன்றாகத் தெரியும்.

ஊடக வெளிச்சம் அணைந்த பிறகும் ஓடிய ஒரு வழக்கு உண்டு. ஒரு பள்ளி முதல்வர், ஒரு பழ வியாபாரி, ஒரு அல் ஜசீரா செய்தியாளர் என்று அபு கிரைப்பின் முன்னாள் கைதிகள் மூவர், அங்கே விசாரணையாளர்களை ஒப்பந்தத்தில் அனுப்பிய சி.ஏ.சி.ஐ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு. 2008-ல் தொடங்கி, ஒருமுறை ஜூரிகள் உடன்படாமல் கலைந்து, 2024 நவம்பரில் மூவருக்கும் சேர்த்து 42 மில்லியன் டாலர் தர வேண்டும் என்று வர்ஜீனியா ஜூரி சொன்னது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பு அன்று எந்தச் செனட்டரும் கொந்தளித்ததாக நான் பார்க்கவில்லை.