‘தொடாதே, வர்றேன்!’

கேள்வி: பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்குக் கீழே 14 பேர். கம்பெனி மூன்று மாதம் கோச்சிங் கொடுத்தது. ‘பதில் சொல்லாதே, கேள்வி கேள்’ என்றார்கள். கேட்கிறேன், ஒருவரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் என் தலையில்தான். போன மாதம் அப்பா திதி. நான் ஒரே மகன். கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது போன். மெஷினுக்கு டேப்பில் பாகங்களை ஊட்டும் ஃபீடர் சிக்கி லைன் நின்றுவிட்டதாம். “அண்ணே, நான் பார்க்கட்டுமா?” என்றார், அங்கே ஒன்பது வருடமாக வேலை செய்யும் பெண். “தொடாதே, வர்றேன்” என்று திரும்பிவிட்டேன். இப்படி ஒரு டீமுக்குப் பொறுப்பு வரவைப்பது எப்படி?

பதில்: யாரும் வாய் திறப்பதில்லை என்று எழுதிய அதே கடிதத்தில், வாய் திறந்த ஒருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள் தம்பி. ‘நான் பார்க்கட்டுமா?’ மூன்று மாதமாக நீங்கள் காத்திருந்த வார்த்தை அதுதானே? அதற்கு உங்கள் பதில், ‘தொடாதே’. மறுநாள் மீட்டிங்கில் ‘என்ன செய்யலாம், சொல்லுங்கள்’ என்றால் யார் சொல்வார்கள்?

ஃபீடரில் டேப் சிக்குவது லைனில் அன்றாடச் சங்கதி. அதற்காக 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தை மறுபடி தாண்டியிருக்கிறீர்கள். தீவுக்கு வரும் வழியில்தான் டோல், அதையும் கட்டிக்கொண்டு! இதைக் கடமை என்று நினைக்கிறீர்கள். நான் இல்லாவிட்டால் நடக்காது என்ற ருசி அது. ஃபீடரைப் பார்க்க ஆள் இருந்தது. திதி கொடுக்க உங்களை விட்டால் யார் இருந்தார்கள்?

கோச்சிங்கில் ‘குரோ’ (GROW) என்று நாலு படி சொல்வார்கள். எங்கே போகவேண்டும், இப்போது எங்கே நிற்கிறோம், என்னென்ன வழி, எதைச் செய்யப்போகிறாய். நீங்கள் முதல் மூன்றைக் கேட்டுவிட்டு நாலாவதை உங்கள் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்கிறீர்கள். (பத்து மலேசியராவது வேலை செய்யும் தொழிற்சாலை, சம்பளத்தில் 1 விழுக்காடு பயிற்சி லெவி கட்டுகிறது. உங்கள் கோச்சிங் சும்மா வந்ததில்லை.)

நாளைக்கே அந்தப் பெண்ணிடம், “அன்றைக்குத் தொடாதே என்றது என் தப்பு” என்று சொல்லுங்கள், மற்றவர்கள் காதிலும் விழும்படி. அப்புறம், எந்தக் கோளாறை அவரே பார்க்கலாம், எதற்கு டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும் என்று இருவரும் பேசி, எழுதி, லைன் பக்கத்தில் ஒட்டுங்கள். முதல் தடவை அவர் கை வைக்கும்போது உங்கள் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். நீங்கள் நாலு நிமிஷத்தில் முடிப்பது அவருக்குப் பதினைந்து ஆகலாம். ஆகட்டும்.

விட்ட திதியை வருகிற அமாவாசையன்று கொடுங்கள், போனை அணைத்துவிட்டு. படையல் முடியாமல் எங்கள் வீட்டில் பெரியவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். உங்கள் அம்மாவும் அப்படித்தான் இருப்பார். அன்றைக்கு அவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? இவ்வளவு எழுதிய கடிதத்தில் அது மட்டும் இல்லை.