சால்ட்டேரின் சுண்ணாம்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்படிப்புக்காக இங்கிலாந்தில், யார்க்‌ஷையரின் பிராட்ஃபோர்டில் இருக்கிறேன். பக்கத்தில் சால்ட்டேர் போய் விக்டோரியா ஹாலைப் பார்த்தேன். ஆலை முதலாளி ஒருவர் தொழிலாளிகளுக்கு இப்படியொரு வாசகசாலை கட்டியது அன்பினாலா, அவர்களைக் கைக்குள் வைக்கவா? வாசலில் இருக்கும் சிங்கங்கள் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்காகச் செதுக்கியவை என்கிறார்களே? அருகே ஒரு தெருவில் பழைய கல்வீடுகளின் இடுக்குகளுக்கு சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். பளிச்சென்று, பலமாக இருக்கிறது. நம் ஊர்ப் பழைய கட்டடங்களையும் இப்படிக் காப்பாற்றலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சிங்கங்களை முதலில் அனுப்பிவிடுகிறேன். தாமஸ் மில்ன்ஸ் செதுக்கிய நான்கு கற்சிங்கங்கள். இரண்டு ஹாலின் முன்னால், இரண்டு எதிரே பள்ளியின் முன்னால். டிரஃபால்கரில் இருப்பவை லேண்ட்சீயரின் வெண்கலச் சிங்கங்கள். அந்தக் கதை இல்லாமல் ஊர்சுற்றிக் காட்டுபவர்களுக்குப் பிழைப்பு ஓடாது, விடுங்கள்.

அன்பா, கட்டுப்பாடா என்றால் இரண்டும்தான். டைட்டஸ் சால்ட் 1853இல் ஆலையைத் திறந்தார். ஊருக்குள் மதுக்கடைக்கு இடம் தரவில்லை. அங்கே கிடைக்கும் கதகதப்பும் பேச்சுத்துணையும் வேறெங்காவது கிடைக்க வேண்டுமே! லாக்வுட் – மாசன் என்ற கட்டடக் கலைஞர்கள் வரைந்து, 25,000 பவுண்ட் செலவில் 1871இல் முடிந்த கட்டடம் அதற்குத்தான். நூலகம், வாசிப்பறை, ஆய்வகம், 800 பேர் உட்காரும் அரங்கு, கூடவே பில்லியர்ட்ஸ் அறை, உடற்பயிற்சிக் கூடம். பில்லியர்ட்ஸ் மேசையை மறைத்துவிட்டு நூலகத்தை மட்டும் புகழ்கிறவர்களுக்கு இந்தக் கட்டடம் பிடிபடவில்லை என்பேன்.

கடைசியில் சிமெண்ட்டைப் பாராட்டியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதிலே. சிங்கத்தின் பூர்வீகம் வரை விசாரிக்கிற ஆள், சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா?

அந்த ஊர் மணற்கல்லால் ஆனது. மணற்கல் மழையைக் குடிக்கும். குடித்த நீர் வெளியேறும் வழி, கல்லுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புக் காரை. காரை கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். நீரும் உப்பும் அதன் வழியே வெளியேறும், தேய்வதும் அதுவாகவே இருக்கும். தேய்ந்த காரையை மாற்றலாம், கல்லை எங்கே போய் மாற்றுவது? சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. நீர் கல்லின் முகத்தைத் தேடி வருகிறது. மேற்பரப்புக்குச் சற்று உள்ளே உப்பு படிகமாகிறது, குளிர்காலத்தில் நீர் உறைந்து விரிகிறது, முகம் ஏடு ஏடாக உதிர்கிறது. காலப்போக்கில் கல் குழிந்து, சிமெண்ட் மட்டும் தேன்கூட்டுச் சட்டம்போல் துருத்திக்கொண்டு நிற்கும். யார்க்‌ஷையரில் சிமெண்ட்டை நாடாபோலப் புடைக்கப் பூசும் வழக்கம் வேறு உண்டு. அந்த நாடாவின் மேல்விளிம்பில் மழைநீர் தங்கிக் கல்லுக்குள் இறங்கும்.

சரியான வேலை இப்படி இருக்கும். இற்ற காரையை இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும், உளியால். கிரைண்டர் கூடாது. அது கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஹாலின் முகப்பில் இருப்பதுபோன்ற மெல்லிய இடுக்கில் அதற்குப் புக இடமே இல்லை. தூசியைப் போக்கி, நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல் கலந்து அழுத்தி அடைக்க வேண்டும். மணல் பருமனும் நுண்மையும் கலந்த கூர்மணல், அதாவது மணிகள் உருண்டையாக இல்லாமல் முனையோடு இருப்பது. கட்டைவிரலால் அழுத்தினால் பதியாத பக்குவத்தில் முரட்டுத் தூரிகையால் குத்தி, கல்லின் விளிம்புக்குச் சற்று உள்ளே நிறுத்த வேண்டும். பிறகு நனைத்த சாக்கு. இங்கேதான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகுகிறது, அதற்கு ஈரம் வேண்டும். சீக்கிரம் காய்ந்தால் பொடியாகிவிடும், உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். ஐந்து டிகிரிக்குக் கீழே போகிற நாட்களில் வேலையைத் தொடக்கூடாது.

நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர்களுக்கும் இதே கணக்குதான். உறைபனி இல்லையே தவிர உப்பு உண்டு, கடற்கரையில் இன்னும் அதிகம்.

இதைப் படித்துவிட்டு அந்தத் தெருவில் போய், பூசிய சிமெண்ட்டையெல்லாம் பெயர்க்கச் சொல்லி நிற்காதீர்கள். கல்லோடு இறுகிப்போனதைப் பெயர்த்தால் விளிம்பும் கூடவே வரும். தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களை மட்டும் எடுப்பார்கள், மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். இனிமேல் பூச இருக்கும் வீடுகளைப் பற்றி வேண்டுமானால் அந்த வீட்டுக்காரர்களிடம் பேசிப்பாருங்கள்.