முன்னுரிமைத் துறைக் கடன் என்றால் என்ன, அது ஏன் கட்டாயம்?

வங்கிகள் தரும் கடனில் ஒரு பங்கு விவசாயம், சிறுதொழில், கல்வி, சிறிய வீடு போன்றவற்றுக்குப் போக வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதிதான் இது. வணிக வங்கிகளுக்கு 40 சதவீதம். அந்த 40-இல் 18 விவசாயத்துக்கு.

ஏன் கட்டாயம்? ஒரு கோடியை ஒரே மில்லுக்குக் கொடுத்தால் ஒரு கோப்போடு வேலை முடிந்தது. அதையே ஐம்பதாயிரமாகப் பிரித்தால் இருநூறு கோப்பு, இருநூறு பேரிடம் வசூல். அதனால் வங்கிகள் பெரியவர்கள் பக்கமே சாயும். 1969-இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியதற்கு இந்தப் பாரபட்சமும் ஒரு காரணம்.

மேலூர்ப் பக்கம் கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மடை திறந்தால் தலைமடை வயல் தானாக நிறையும். முறை வைத்துத் தண்ணீர் விட்டால்தான் கடைமடைக்கு வந்து சேரும்.

அப்படி வந்து சேராத இடத்தில் என்ன நடக்கிறது? மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கிக் கட்டி விற்கும் அக்கா விடியற்காலையில் 900 ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார். சாயங்காலம் 1,000 கொடுக்கிறார். பகல் முழுக்கக் கட்டிய பூவில் நூறு ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. விதி மட்டும் போதாது, கிளைக்குள் இவரை உட்காரவைத்துப் பேசும் ஆளும் வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம், பலர் நினைப்பதுபோல இது மானியமோ தள்ளுபடியோ இல்லை. வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான்.